பின்சீட்டில் ஒரு ஆள் பள்ளம்

கதைன்னு நெனச்சுக் கேட்டாலும் சரி, ஒரு பொம்பள பொலம்புதான்னு நெனச்சுக் கேட்டாலும் சரி, நடுவுல எந்திச்சுப் போகாமக் கேளுங்க. நான் தச்ச சீட்டுல உக்காந்து சொகம் கண்டுட்டு, இத யாரு தச்சான்னு ஒரு வார்த்தை கேக்காம எந்திச்சுப் போனவங்களப் பாத்துப் பாத்தே எனக்கு அம்பது வயசாயிருச்சு.

என் பேரு மரியபுஷ்பம். தூத்துக்குடியில பாளையங்கோட்டை ரோட்டுல ‘சவரி குஷன் ஒர்க்ஸ்’னு போர்டு மாட்டுன கடை எங்களோடது. சவரின்னா சவரிமுத்து, என் வீட்டுக்காரர். கடை வாசல்ல சுழல் நாற்காலி போட்டு உக்காந்து வாறவுக போறவுககிட்ட பேசுறது அவிய சோலி. உள்ள தட்டி மறைப்புக்குப் பின்னால கனத்த மெஷின் முன்னால ஸ்டூல் போட்டு, வலது கால பெடல்ல வச்சு, மொத்த ஒடம்பையும் இடது பக்கத்துல இறக்கி வச்சு, இருவத்தெட்டு வருஷமா தைக்கிறது என் சோலி. இந்த ஊர்ல ரெண்டு தியேட்டர் சீட்டு நான் தச்சது, பேங்கு மேனேஜர் ரூம் சோபா நான் தச்சது, பல் டாக்டர் நாற்காலி நான் தச்சது, திருச்செந்தூர் போற பிரைவேட் பஸ்ஸுல மூணு பஸ்ஸு நான் தச்சது. கேட்டுப் பாருங்க, எல்லாரும் ‘சவரி அண்ணாச்சி கை இருக்கே, அது கை’ம்பாவ. அந்தக் கைக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது.

எங்க தொழில்ல ஒரு மொறை உண்டு. தச்சவுக சீட்டுல உக்காரக் கூடாது. தச்சு முடிச்சதும் மணல் மூட்டையத் தூக்கி மேல வச்சு ஒருநாள் முழுக்க அமுங்க விட்டு, பொறவு எலுமிச்சம்பழம் சுத்தி, சீட்டுக்குச் சொந்தக்காரர் வந்து மொதல்ல உக்காரணும். ‘தச்சவ குந்துனா ஸ்பிரிங்கு தளந்துரும்’னு என் மாமியா கல்யாணமான மொத வாரமே காதுல ஓதிட்டாவ. நானும் கோட்டி மாதிரி அதப் புடிச்சுக்கிட்டேன். திருச்செந்தூர் பஸ்ஸுல சீட்டு காலியா கெடந்தாலும் நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேதான் போவேன். கண்டக்டர் ‘உக்காருங்கக்கா’ன்னா, ‘இல்ல தம்பி, வாந்தி வரும்’னு பொய் சொல்லுவேன்.

இப்படி இருக்கையில லெந்து நாள், அதான் ஈஸ்டருக்கு முந்துன நோன்பு, ஆரம்பிச்ச மொத வாரம், ஜெபராஜ் வக்கீல் அவுக அப்பாவோட பழைய மோரிஸ் கார டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்து கடை வாசல்ல எறக்குனாவ. அப்பான்னா தேவசகாயம் சார். இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு ஹெட்மாஸ்டர். சார் செத்து இருவது வருஷம், வண்டி ஷெட்டுல கெடந்து எலி குடும்பம் நடத்துது. வக்கீல் மக பெனிட்டாவுக்கு ஈஸ்டர் கழிஞ்ச புதன்கிழமை கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில்ல இருந்து தாத்தா வண்டியிலதான் வரணும்னு புள்ளைக்கு ஆச. எஞ்சின வேற ஒருத்தர் பாத்துட்டாராம். உள்பக்கம் மொத்தமும் எங்க பொறுப்பு.

“பாக்கப் பழசு மாதிரி இருக்கணும் சவரி. உக்காந்தாப் புதுசு மாதிரி இருக்கணும். போன் சார்ஜ் போட ஓட்டை வேணும், ஓட்டை வெளிய தெரியக் கூடாது. பாட்டு கேக்கணும், ஸ்பீக்கர் இருக்கிறது தெரியக் கூடாது. ஏசி வேணும், ஆனா அந்தக் காலத்து வண்டியில ஏசி இருந்துச்சான்னு ஒருத்தன் கேட்டுரக் கூடாது.”

“செஞ்சுரலாம் சார், நம்ம கைதான”ன்னு எங்க வீட்டுக்காரர் நாற்காலியில ஒரு சுத்து சுத்திச் சொன்னாவ. தட்டிக்குப் பின்னால நான் பல்லக் கடிச்சேன்.

அன்னைக்கு மத்தியானம் சோறு போடும்போது நான் கேட்டேன். “ஊரே வந்து பாக்கப் போற வண்டி இது. டெலிவரி அன்னைக்கு நாலு பேரு முன்னால, இத என் பெஞ்சாதி தச்சான்னு ஒரு வார்த்தை சொல்லுவியளா? இந்த ஒரு வண்டிக்கு மட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

“பாப்போம்”னாவ, மீன் முள்ள எடுத்துக்கிட்டே. சரி, அந்த ‘பாப்போம்’ங்கிறதையே புடிச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிச்சேன். இதுல ஒரு கொறை வரக் கூடாது, வந்தா அந்த வார்த்தை எனக்கு இந்த சென்மத்துல கெடையாதுன்னு தெரியும்.

பின்சீட்டப் பிரிச்சேன். ரெக்சின் அப்பளமா நொறுங்குது, தேங்கா நாரு பொடியாக் கொட்டுது, எலிக் கூடு, பல்லு போன சீப்பு, ஒரு தாயக்கட்டை. எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு அடிக் கட்டையத் தொடச்சா, கட்டையில சாக்பீஸ்ல ஒரு ‘ம’. என் எழுத்துதான். யாருக்கும் தெரியாம நான் தைக்கிற ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் ஒரு ‘ம’ போடுவேன், அதுல மொத ‘ம’ இது. வண்டிக்கு வேற பெயிண்டு அடிச்சிருந்ததால, சார் பின்னால வாங்குன வேற வண்டின்னு நெனச்சுட்டேன். கல்யாணமாகி வந்து நான் தச்ச மொத சீட்டு இது.

அத மொதல்ல தச்சு முடிச்ச அன்னைக்கு சார் வந்து சீட்டத் தடவிப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரரக் கேக்காம நேரா தட்டியத் தாண்டி உள்ள வந்தாவ. “யாரும்மா தச்சது, நீயா? அப்ப நீதான மொதல்ல உக்காரணும். வா, பீச் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்”னு கதவத் தொறந்து விட்டாவ. எனக்கு இருவத்திரெண்டு வயசு. ஒரு கால உள்ள வச்சுட்டேன். மாமியா வந்து சடையப் புடிச்சு இழுத்தாவ. சார் மொகம் சுண்டிப் போச்சு. “சரிம்மா, இன்னொரு நாளைக்குப் போவோம்”னு சொல்லிட்டுப் போனாவ. அந்த இன்னொரு நாள் வரல.

அத நெனச்சு நெனச்சே தச்சேன். ஸ்பிரிங்கெல்லாம் புதுசாக் கட்டி, சாக்கு விரிச்சு, நாரு மெத்தை போட்டு, மேல நுரை மெத்தை போட்டு, நாவப்பழக் கலர்ல தோலு வாங்கி, பழைய மொறையில கொழாய் கொழாயாத் தையல் போட்டு, ஓரத்துக்கு கயித்த உள்ள விட்டு பைப்பிங் வச்சு, கூரைக்கு சந்தனக் கலர் துணி இழுத்து, கதவுக்கு அட்டை வெட்டி, சார்ஜர் ஓட்டைய வண்டியோட சிகரெட் சாம்பல் கிண்ணத்துக்குள்ள ஒளிச்சு வச்சு முடிக்கும்போது குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் ரெண்டு வாரம், ஈஸ்டருக்கு மூணு வாரம் இருந்துச்சு. மணல் மூட்டைய வச்சு, மறுநாள் எடுத்தா சீட்டு தட்டுல ஊத்துன களி மாதிரி சமமா இருக்கு. அதுக்கு மறுநாள் காலையில வந்து கதவத் தொறந்தா, பின்சீட்டு நடுவுல ஒரு ஆள் உக்காந்த பள்ளம்.

தெளிவா ஒரு ஆள். இடது பக்கம் கொஞ்சம் ஆழம், வலது பக்கம் கொஞ்சம் மேடு. கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கு, இப்பத்தான் யாரோ எந்திச்சுப் போன மாதிரி. நுரை மெத்தை சரியில்லன்னு நெனச்சுப் பிரிச்சேன், வேற மெத்தை போட்டேன், தச்சேன், மறுநாள் பள்ளம். ஸ்பிரிங்கு சரியில்லன்னு பிரிச்சேன், வேற கட்டுனேன், தச்சேன், மறுநாள் பள்ளம். கட்டையே வளைஞ்சிருக்குன்னு பிரிச்சேன், ஆசாரியக் கூப்புட்டு வேற கட்டை அறுத்து, மறக்காம ‘ம’ போட்டு, தச்சேன், மறுநாளும் அதே எடத்துல அதே பள்ளம். விரல்ல ஊசி ஏறாத எடமில்ல. ஒரு நாளு சீட்டு மேல குத்து குத்துன்னு குத்துனேன், என் கைதான் வீங்குச்சு.

எதுத்தாப்புல பூ விக்கிற மாடத்தி வந்து எட்டிப் பாத்துட்டு, “என்னத்துக்குப் போட்டு அடிக்க? ஆளு இருக்குல்லா”ன்னா, பூவத் தொடுத்துக்கிட்டே. அம்புட்டுதான். சாயங்காலத்துக்குள்ள தேவசகாயம் சார் வண்டியில வந்து உக்காந்துட்டாவன்னு ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு. இடது பக்கம் ஏன் ஆழம்னு நான் கேட்டதுக்கு, சார் வலது பக்கப் பையில பள்ளிக்கூடச் சாவிக்கொத்த வச்சிருப்பாவ, குத்தாம இருக்க இடது பக்கம் சாஞ்சுதான் உக்காருவாவன்னு டீக்கடையில நாலு பேரு அடிச்சுச் சொன்னாவ.

எங்க ஊர்ல ஒரு அதிசயம் நடந்தா ரெண்டு நாளைக்கு மேல யாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்க மாட்டாவ. மூணாம் நாள், அதுகிட்ட என்ன காரியம் ஆகும்னு பாக்க ஆரம்பிச்சுருவாவ. பத்தாங் கிளாஸ் பரீச்சை எழுதுற பிள்ளைகள் ஹால் டிக்கெட்ட பள்ளத்துல வச்சு எடுத்துட்டுப் போச்சு, வேலைக்கு மனு போட்டவுக மனுவ வச்சாவ, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவுக அத வச்சாவ, ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் தெனமும் காலையில வந்து முன்சீட்டுல உக்காந்து திரும்பிப் பாத்து பேப்பர சத்தமா வாசிச்சுட்டுப் போனாரு, பேரன் பேத்தி எடுத்த ஆம்பளைக கைகட்டி நின்னு, அன்னைக்கு பள்ளிக்கூட மணிய ஒளிச்சு வச்சது நான்தான் சார்னு ஒத்துக்கிட்டாவ. டீக்கடைக்காரரு பள்ளத்துக்குப் பக்கத்துல காலையில ஒரு காப்பி வச்சாரு. அது நாவப்பழக் கலர் தோலுல கொட்டி, கறைய நான் தொடச்சேன்.

எங்க வீட்டுக்காரருக்கு வந்த மவுசப் பாக்கணுமே! நெத்தியில திருநீறு இல்லாத கொறைதான், பூசாரி மாதிரி கதவத் தொறந்து விடுறதும் மூடுறதும். “ஊர்ல எத்தன கடை இருக்கு, சார் ஏன் இங்க வந்து உக்காந்தாவ? தச்ச கை அப்படி”ன்னு வாறவுக போறவுககிட்ட சொல்லுதாவ.

வக்கீல் மொத நாளு வந்து கத்துனாவ, என்னய்யா வேலை பாத்திருக்கன்னு. மறுநாள் வந்து, “அப்பா”ன்னு பள்ளத்துல தலைய வச்சு அழுதாவ. மூணாம் நாள் வந்து, கல்யாணத்துக்கு பொண்ணு எங்க உக்காரும், சமமாக்கிரு சவரின்னாவ. சமமாக்க நான் பிரிச்சுப் போட்டிருக்கையில அவுக சம்சாரம் வந்து, மாமனார அறுத்துட்டியளேன்னு குய்யோ முறையோன்னு கூப்பாடு போட்டாவ. சரி, இருக்கட்டும்னு தச்சேன். பொறவு வக்கீல் பள்ளத்து மேல பலகை போட்டு மேல மெத்தை போடச் சொன்னாவ. போட்டேன். பலகையே குழிஞ்சுச்சு. ஏழு தடவ, எண்ணி ஏழு தடவ பிரிச்சுத் தச்சேன், மொத மூணு தடவ போக மிச்சமெல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த உத்தரவு. எங்கிட்ட ஒருத்தர் வந்து, ஏம்மா ஒனக்கு என்ன தோணுதுன்னு கேக்கல.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வரும்போது வீட்டுக்காரர்கிட்ட திரும்பவும் கேட்டேன். “டெலிவரிக்கு நாலு நாளுதான் இருக்கு. சொல்லுவியளா?”

“ஏட்டி, இப்பப் போயி நீ தச்சதுன்னு சொன்னா, பள்ளமும் நீ தச்சதுன்னுருவான். சும்மா கெட”ன்னாவ.

சும்மா கெடந்தேன். செவ்வாய்க்கிழமை டெலிவரி. பந்தல் போடாத கொறையாக் கூட்டம். பொண்ணு வந்திருக்கு, மாப்பிள்ளை வந்திருக்கான், போட்டோக்காரன் வந்திருக்கான், டீக்கடைக்காரரு காப்பியோட வந்திருக்காரு. எலுமிச்சம்பழம் சுத்தியாச்சு. இப்ப சொந்தக்காரர் உக்காரணும். வக்கீல் கதவத் தொறந்தாவ, பள்ளத்தப் பாத்தாவ, “அப்பா மேல நான் எப்படி உக்கார?”ன்னு நின்னுட்டாவ. ஓரத்துல உக்காருங்கன்னான் ஒருத்தன். ஓரத்துல உக்காந்தா பள்ளத்துக்குள்ள சறுக்குது. பொண்ணு இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம் உக்கார வச்சுப் பாத்தாவ, ரெண்டும் நடுவுல வந்து முட்டிக்கிட்டு நிக்கி. பயக சிரிக்கானுவ. மாப்பிள்ளை அம்மா, செத்தவுக உக்காந்த வண்டியில என் பிள்ளைய அனுப்ப மாட்டேங்கா. வக்கீலுக்கு மூக்கு செவந்துபோச்சு. “ரெண்டு மாசமா என்னய்யா கிழிச்ச? ஒரு சீட்டு தைக்கத் துப்பில்ல!”ன்னு எங்க வீட்டுக்காரரப் பாத்து ஒரு சத்தம்.

அவிய மொகம் வெளிறிப் போச்சு. தட்டிப் பக்கம் திரும்பி, அத்தன பேருக்கும் கேக்கிற மாதிரி, “ஏட்டி! என்னத்தத் தச்சு வச்சிருக்க? வந்து பாரு!”ன்னாவ.

இருவத்தெட்டு வருஷம். ஊருக்கு முன்னால நான் தச்சேன்னு அவிய வாயில வந்தது அன்னைக்குத்தான். நல்லா இருந்தா அவிய கை, பள்ளம் விழுந்தா என் தையலு. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல, கத்திரிக்கோல மெஷின் மேல டங்குன்னு வச்சேன், தட்டியத் தள்ளுனேன், அது விழுந்துச்சு, விழட்டும்னு மேல மிதிச்சு வந்தேன், செருப்பக் கழட்டுனேன், வண்டிக் கதவத் தொறந்து பின்சீட்டு நடுவுல ஏறி உக்காந்தேன்.

பள்ளம் எனக்குச் சரியா இருந்துச்சு. இடது பக்கத்து ஆழத்துல என் இடது பக்கம் இறங்கிச்சு, வலது பக்கத்து மேட்டுல பெடல் மிதிச்சு மிதிச்சுத் தூக்குன என் வலது தொடை ஏறிச்சு, இம்மி பெசகல. நானே எனக்கு அளவெடுத்துத் தச்சாக் கூட அப்படி அமையாது. யாருக்குன்னு இத்தன நாளு எடம் புடிச்சு வச்சிருக்கு, பாத்தியளா.

வெளிய ஒரே கூச்சல். “சார் மடியில உக்காந்துட்டாளே!” “எந்திக்கச் சொல்லு அவள!” எங்க வீட்டுக்காரர் கதவப் புடிச்சுக்கிட்டு, “ஏட்டி, மானம் போவுது, எந்தி”ங்காவ.

“எந்திக்க மாட்டேன். பீச் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துதான் எந்திப்பேன். வண்டிய எடுக்கத் தெரிஞ்சவுக எடுங்க.”

பெனிட்டாதான் அவுக அப்பா கையில இருந்த சாவியப் புடுங்கி முன்னால ஏறுனா. “நான் ஓட்டுதேன் அத்தை. போட்டோக்காரண்ணே, கொஞ்சம் தள்ளுங்க”ன்னா.

போனோம். பீச் ரோட்டுல காத்து அடிச்சுச்சு, உப்பு வாடை வந்துச்சு, நான் முந்தானைய வாயில வச்சு அழுதேன், புள்ள கண்ணாடியில பாத்துட்டு வண்டிய மெதுவாக்குனா. அழுது முடிச்சதும்தான் ஒண்ணு தெரிஞ்சுச்சு. சீட்டு ஓரத்து பைப்பிங் தொடையில அறுக்குது. ஒரு நூல் கனம் கொறைக்கணும். அட பாவி மரியபுஷ்பம், இருவத்தெட்டு வருஷமா எத்தன பேரு தொடைய இப்படி அறுத்திருக்க, உக்காந்து பாத்திருந்தா மொத வருஷமே தெரிஞ்சிருக்குமேன்னு எனக்கே என் மேல ஆத்திரம் வந்துச்சு.

திரும்பி வந்து எறங்குனேன். நான் எந்திச்சதும் சீட்டு எண்ணெயில போட்ட பூரி மாதிரி மெதுவா உப்பி வந்து சமமா நின்னுச்சு. இனியாவது ஒருத்தர் வாயில என் பேரு வரும்னு நான் நிக்கேன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு, “பாத்தியளா, பெரிய மனுஷன்! ஒரு பொம்பள வந்ததும் எடம் குடுத்துட்டு எந்திச்சுட்டாரு!”ன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாவ. சிலருக்குக் கண்ணுல தண்ணி. எங்க வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்த எடுத்து டயருக்கு அடியில வச்சாவ. புதன்கிழமை கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, எனக்கு ஒரு பொட்டலம் பிரியாணி வந்துச்சு.

இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? வியாழக்கிழமை காலையில கடையத் தொறந்தா வாசல்ல தியேட்டர் மேனேஜர் நிக்காரு, பேங்குக்காரரு நிக்காரு, பல் டாக்டர் நிக்காரு, திருச்செந்தூர் பஸ்ஸு ஒண்ணு ஆளோட நிக்கி. தியேட்டர்ல நானூறு சீட்டுலயும் பள்ளம், பேங்கு சோபாவுல பள்ளம், பல் டாக்டர் நாற்காலியில படுத்த நோயாளி இடது பக்கம் உருண்டு விழுந்துட்டானாம். எல்லாம் ஒரே பள்ளம். இடது பக்கம் ஆழம், வலது பக்கம் மேடு. நானூறு எடத்துல சார் ஒரே நேரத்துல எப்படி உக்காருவாவன்னு அப்பத்தான் ஊருக்கு யோசன வந்திருக்கு.

“அண்ணாச்சி, வீட்டம்மாவக் கொஞ்சம் அனுப்புங்க”ன்னாரு தியேட்டர் மேனேஜர்.

“அவியகிட்ட என்ன கேக்கிய? தச்சவ இங்கன நிக்கேன். பேரு மரியபுஷ்பம். வரிசையில வாங்க”ன்னேன்.

இப்ப ஒரு மாசமா அதே சோலிதான். தியேட்டர்ல தெனம் இருவது சீட்டு உக்காருதேன், ஒரே படத்த இருவது எடத்துல இருந்து பாத்துட்டேன். திருச்செந்தூர் பஸ்ஸுல நான் எல்லா சீட்டுலயும் உக்காந்து எந்திக்கிற வரைக்கும் டிரைவர் வண்டிய எடுக்கிறதில்ல, ஜனங்க ‘மரியபுஷ்பம் அக்கா வந்தாச்சா’ன்னு கேட்டுட்டு பொறுமையா நிக்காவ. உக்காருற எடத்துல எல்லாம் எது அறுக்குது, எது குத்துதுன்னு பாத்துக் குறிச்சு வச்சு, பொறவு வந்து சரி பண்ணிக் குடுக்கேன்.

நான் இன்னும் பக்கத்துலயே போகாதது எங்க வீட்டுக்காரரோட சுழல் நாற்காலி மட்டுந்தான். அந்தக் குஷனும் நான் தச்சதுதான. அதுலயும் பள்ளம் விழுந்து கெடக்கு. அவிய இடது பக்கமாச் சரிஞ்சு சரிஞ்சு உக்காந்து இடுப்பு புடிச்சுக்கிச்சு, ராவுல நான்தான் தைலம் தேய்க்கேன். “ஏட்டி, ஒரு நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போயேன்”ங்காவ தெனமும்.

ஊரே பேரு சொல்லிக் கூப்புடுது, இவிய வாயில மட்டும் நான் இன்னும் ‘ஏட்டி’தான். நானும் கோவப்படுறதில்ல. ‘பாப்போம்’னு சொல்லிட்டு தைலத்த எடுத்து உள்ள வச்சுருதேன்.